கடுக்காய் நீரும் கலச மகாலும்

ஜவ்வாது மலையில் கிடைக்கும் கடுக்காய் நம் சமுதாயத்தவர்க்குப் புதிய பொருளன்று. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டே வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் நம் முன்னோர் தோல் பதனிட்டனர். அதே கடுக்காயை வெல்லத்துடன் நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புக் கலவையில் சேர்த்துச் சுவர் எழுப்பினர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

மலையடிவாரத்தில் நான் பணியாற்றும் மதரஸாவில் அத்தகைய பழங்கட்டடம் ஒன்று உண்டு. அதனை அலுவலகமாகவும் கணினி அறையாகவும் மாற்ற வேண்டும் என்பது நிர்வாகத்தினரின் விருப்பம். இடித்துவிடலாம் என்கின்றனர் சிலர். சிமெண்டு பூசினால் போதும் என்கின்றனர் வேறு சிலர். வரலாறு பயின்றவன் என்பதால் என் கருத்தையும் கேட்டனர். நான் சென்னைச் சேப்பாக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழுந்தது சேப்பாக்கம் அரண்மனை. கடைசி நவாப் 1855இல் மறைந்தபின், 1859இல் ஏலத்தின் வழியே அரசின் உடைமையாகி, அலுவலகங்களுக்கு இடமாயிற்று. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியான கலச மகால் தீக்கு இரையாயிற்று. தீயணைப்பு அதிகாரி ஒருவர் அப்பணியில் உயிர் நீத்தார். கருகி நின்ற அச்சுவர்களை அரசு இடித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்புக் கலவை கொண்டே புதுப்பித்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு நடைபெறுகிறது. நவாபின் மாளிகை நவீன அலுவலகமாயிற்று. ஆயினும் மாளிகையாகவே நிற்கிறது.

சிமெண்டு ஏன் ஆகாது? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி, மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். ஆகவே முதலில் கூரையின் ஒழுக்கை அடைக்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்பையே பூச வேண்டும். மின்கம்பிகளைச் சுவரைக் குடையாமல், குழாய்களுக்குள் வெளிப்புறமாகக் கொண்டு செல்ல வேண்டும்.

காலம் மிகுதியாகும் என்பது மெய்யே. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களும் அருகிவிட்டனர். ஆயினும் அக்கட்டடம் நாம் சம்பாதித்ததன்று. முன்னோர் வக்ஃபாக விட்டுச் சென்ற அமானிதம். அதைப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டு. பாழாக்க உரிமை இல்லை. அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கப்படும். ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய கட்டடம் ஒன்றேனும் இருக்கும். கடப்பாரையை எடுக்குமுன், சுண்ணாம்பு அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.