காதுண்டு, வாயில்லை!

சகோதரிகளே, விமான வேலைக்கு நிறம்தான் முக்கியமென்று நினைக்கிறீர்களா?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளித் தாயாரும் அப்படித்தான் கலங்கினாள். பெண்ணுக்குத் தனியார் விமானம் ஒன்றில் பணிப்பெண் வேலைக்குப் பேட்டி.

"நிறம் கிடக்கட்டும், அம்மா! பத்துப் பேர் போகும் விமானத்தில் விருந்து, துப்புரவு, ஆபத்துக்கால உதவி எல்லாம் பெரும்பாலும் ஒருத்தி தலையில்தான். நள்ளிரவில் கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காதில் விழுந்தது வாயில் வரக்கூடாது" என்றேன்.

1949-ல் பெங்களூரில் விமானப் பயிற்சி முடித்த உஷா சுந்தரத்தை எண்ணிப் பாருங்கள். கணவரோடு நேருவையும் பட்டேலையும் ஏற்றிச் சென்றவர். எத்தனை ரகசியம் காதில் விழுந்திருக்குமோ!

தாயார் சிரித்துவிட்டாள். "அவள் படிப்புக்காக இவர் தறியை அடகு வைத்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம்!"

"பின்னே என்ன? பாதி தேறிவிட்டாள்!" என்றேன்.