ஆயில் ஒழுகுது பாஸ்!

ஏலகிரி மலைப் பாதையில் மொத்தம் 14 ஹேர்பின் வளைவுகள். போன மாசம் இறங்கும்போது அதில் ஒண்ணுல முன் பிரேக்கைப் பிடிச்சேன். வண்டி நிக்கலை. சத்தியமா நிக்கலை! பின் பிரேக், ரெண்டாவது கியர், எங்க ஆயா கட்டிவிட்ட தாயத்து... மூணும் சேர்ந்துதான் என்னைக் காப்பாத்துச்சு.

ஓரமா நிறுத்திக் குனிஞ்சு பார்த்தா, முன் ஃபோர்க்கில் இருந்து ஆயில் வழிஞ்சு டிஸ்க் பூரா பளபளன்னு பூசியிருக்கு. அப்புறம் எங்கே பிரேக் பிடிக்கும்?

நான் ஆம்பூர்ப் பையன். மூணாவது வருஷம் மெக்கானிக்கல். 2016-ல் ஹிமாலயன், 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 எல்லாம் வந்த பிறகு நம்ம பசங்களுக்கு மண் ரோடு மேல ஒரு காதல் வந்துச்சே, அந்தக் கோஷ்டியில நானும் ஒருத்தன். எக்ஸ்பல்ஸோட முன் ஃபோர்க் 190 மி.மீ. வரைக்கும் அமுங்கும், ஹிமாலயன் 200. அவ்வளவு தூரம் ஏறி இறங்கிற பைப்பில் கொஞ்சம் மணல் ஒட்டினாலும் ஆயில் சீல் காலி. என் வண்டி ஃபோர்க்குக்கு ரப்பர் கவர் இருக்கு. 'அதான் கவர் இருக்கே'ன்னு ஒரு வருஷமா தூக்கியே பார்க்கலை. உள்ளே பாலாற்று மணல் ஜாலியா குடித்தனம் நடத்தியிருக்கு!

மெக்கானிக் அண்ணன் சொன்ன ரேட் என் பாக்கெட்டுக்குத் தாங்கலை. 'மெக்கானிக்கல் படிக்கிறோம், இதைக்கூடச் செய்ய மாட்டோமா?'ன்னு ஞாயித்துக்கிழமை களத்துல இறங்கிட்டேன்.

நீங்களும் இறங்கறதா இருந்தா, நான் பட்ட பாட்டைக் கேட்டுக்கோங்க. முன் சக்கரம் தரையில இருக்கும்போதே மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க் மூடியை லேசா இளக்கி வெச்சுடணும். தனியா கழட்டின பிறகு அது லேசுல அசையாது. மூடியை முழுசாத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீங்க, உள்ளே ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கு. புது சீல் போடும்போது பைப் முனையில ஆயில் தடவின பிளாஸ்டிக் கவரை மாட்டி, அது மேல சீலை வழுக்கி விடுங்க. இல்லைன்னா சீலோட உதடு கிழிஞ்சிடும்.

அடுத்தது ஏர் எடுக்கிறது. குதிக்கிறது ஸ்பிரிங் வேலை, அந்தக் குதியை அடக்கிறது ஆயில் வேலை. சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயில் பிதுங்கிப் போறதுதான் அந்தத் தடை. நடுவுல காற்றுக் குமிழி இருந்தா தடை புஸ்ஸுன்னு போயிடும். அதனால ஸ்பிரிங் இல்லாம ஆயிலை ஊத்தி, குமிழி நிக்கிற வரைக்கும் பைப்பை மெதுவா ஏத்தி இறக்கணும். பிறகு பைப்பை முழுசா அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே நிக்குதுன்னு ஸ்கேல் விட்டு அளக்கணும். ஆயில் கிரேடு, அளவு ரெண்டும் மேனுவல் சொல்றபடிதான். அதிகமா போனதை மெடிக்கல் ஷாப் சிரிஞ்சும் ஒரு டியூபும் வெச்சு உறிஞ்சி எடுத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வர்றதுக்குள்ளே மதியச் சாப்பாடு ஆறிப்போச்சு!

பைப்பை வைஸில் பிடிக்கும்போது கீறல் விழக் கூடாதேன்னு அப்பா ஒரு தோல் துண்டு கொடுத்தார். ஷூ கம்பெனியில கட்டிங் வேலை அவருக்கு.

"இந்தப் பைப்பு ஏன்டா இப்படி மின்னுது?"

"குரோம் பூச்சுப்பா."

"இந்தத் தோலும் குரோம் போட்டுப் பதப்படுத்தினதுதான்" என்றார் சிரிச்சுகிட்டே.

வேலை முடிஞ்சுது. ஒரு டப்பா நிறைய கறுப்பா பழைய ஆயில். வாசல்ல சாக்கடை. எனக்கு யோசனையே இல்லை, டப்பாவைச் சாய்க்கப் போனேன். அப்பா கையைப் பிடிச்சுட்டார்.

"உங்க தாத்தா கிணத்துத் தண்ணியை நீ ஒரு வாய் குடிச்சிருக்கியாடா?"

குடிச்சதில்லை. எங்க பக்கம் நிறைய வீடுகள்ல இதே கதைதான். தோல் கழிவு பாலாற்றில் கலந்து, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. எஞ்சினீயரிங் காலேஜ் பையன் நான், 'எல்லாம் ஃபேக்டரிக்காரங்க பண்ணினது'ன்னு செமினாரே எடுத்திருக்கேன். அந்தத் தோல்தான் எனக்குச் சோறு போட்டு, ஃபீஸ் கட்டி, வண்டியும் வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்கு அது ரெண்டுமே தெரியும். அதனாலதான் திட்டாம, கேள்வி மட்டும் கேட்டார்.

ஆயிலை மூடி போட்ட கேன்ல ஊத்தி, பழைய ஆயில் சேர்த்து அனுப்பற ஒர்க்‌ஷாப்ல கொடுத்துட்டு வந்தேன். ஆயில் குடிச்ச பிரேக் பேடைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாத்தினேன். அதைக் கழுவிப் போட்டு ஓட்டறது தற்கொலை, பாஸ்!

இப்போ வண்டி சும்மா கிண்ணுன்னு இருக்கு. ஒவ்வொரு ரைடு முடிஞ்சதும் ரப்பர் கவரைத் தூக்கி, பைப்பைத் துணியால துடைக்கிறேன். ரெண்டு நிமிஷ வேலை. அப்பா கொடுத்த தோல் துண்டு டூல் பாக்ஸ்லதான் இருக்கு.

உங்க வண்டி ஃபோர்க்கை இன்னிக்கே ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தா, மலை ஏறாதீங்க. பழைய ஆயில் டப்பாவைக் கையில எடுத்தா... எங்க தாத்தா கிணத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!