விடுபட்ட எண்

தமிழ்த்துறை மலரில் கணக்கிற்கென்ன வேலை என வினவுவோர் வினவுக. சென்ற கோடை விடுமுறையில், வடபழனியில் யாம் குடியிருக்கும் மாடி அறையில், ஆற்காடு சாலையின் இரைச்சலுக்கிடையே ஓர் எண்ணோடு மூன்று மாலைகளைக் கழித்தோம். அவ்வெண் 2,93,31,86,25,600.

கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாது போனவர் கணிதமேதை இராமானுஜன். 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழக இதழில் அவர் 'பெரும்பகு எண்கள்' பற்றி நெடியதொரு கட்டுரை வெளியிட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாய்வுக்காகவே.

தன்னினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுஎண்களை உடையது பெரும்பகு எண். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. 24க்கு எட்டு; 60க்குப் பன்னிரண்டு. நாளை 60 நாழிகையாகப் பகுத்த முன்னோரும், அரை, கால், அரைக்கால், மூன்றிலொன்று, ஆறிலொன்று எனும் வாரிசுரிமைப் பங்குகளை 24ஐக் கொண்டு கணக்கிடும் நம் ஆலிம்களும் இவற்றின் பயனை நன்கறிந்தவர்களே.

இத்தகைய எண்களை 67,46,32,83,88,800 வரை இராமானுஜன் அட்டவணையாக்கினார். கணிப்பொறி இல்லாக் காலம், எல்லாம் கைக்கணக்கு. அதில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. மேலே யாம் குறித்தது அதுவே.

மேதையின் பிழையென்று நகைக்க எமக்கு வாய் எழவில்லை. பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு கல்லூரியில், உதவித்தொகைக்குரியோர் பட்டியலைப் படியெடுக்கும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. ஒரு பெயரை விட்டுவிட்டோம். "ஐயா, என் பெயர் அதில் இல்லையே" என்று அம்மாணவர் வந்து நின்றபோது காலம் கடந்திருந்தது. அடுத்த பருவத்தில் அவர் வகுப்பிற்கு வரவில்லை. அவருடைய ஊருக்கு எழுதிய மடலுக்கும் மறுமொழி இல்லை.

ஆதலின் அவ்வெண்ணை விட மனமில்லாது பிரித்துப் பார்த்தோம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இவ்வெண்ணிக்கை ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் தொகை கிட்டும்: 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040. இதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் இல்லை. எண்ணிடத்தில் குறையொன்றுமில்லை, பட்டியலில்தான் இடம் தவறிற்று.

மூன்றாம் நாள் மாலை, அட்டவணையின் இறுதி எண்ணையும் எடுத்துப் பிரித்தோம். அதே காரணிகள், அதே முறைகள். கூடுதலாக 23 ஒன்று மட்டும். ஐயம் தீரவில்லை. தாளைத் திருப்பி, விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினோம். 67,46,32,83,88,800 என்றே வந்தது.