வேப்பங்குச்சியும் ஐம்பது எம்.எம். லென்ஸும்

சுருளிப்பட்டியில் அந்த வீட்டுக் கட்டிலில் சீட்டுப் பணம் 40,000 ரூபாயை அம்மா எண்ணி வைத்தபோது, மகள் ஏற்கெனவே செலவுக் கணக்கை முடித்திருந்தாள். அவள் செல்போனில் ஒரு படம் தயாராக இருந்தது. புத்தம்புது கேமரா, இரண்டு லென்ஸ், பை, ட்ரைபாட், மெமரி கார்டு, எல்லாம் ஒரே பெட்டியில். பணம் கொஞ்சம் குறையும். மீதியை மாதத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது.

"இம்புட்டுமா கேமராவுக்கு?" என்றார் அம்மா.

"ரெண்டு லென்ஸும்மா. தனித்தனியா வாங்குனா இன்னும் கூட ஆகும்."

"ஒனக்குன்னு போட்ட சீட்டுதான். பாத்து வாங்கு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

மகளுக்கு பி.காம். கடைசி வருடம். கேமரா ஆசைக்கு வயது ஏழெட்டு இருக்கும். 2018-ல் தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தபோது, தினமும் பார்க்கிற மலை திரையில் வேறு மாதிரி இருந்ததே என்று ஆரம்பித்தது. அதன்பிறகு செல்போனில் எடுக்காதது இல்லை. சுருளி அருவி, லோயர் கேம்ப் பென்னிகுவிக் மணிமண்டபம், வீரபாண்டித் திருவிழா என்று எதையும் விடவில்லை. வெயிலில் எடுத்ததெல்லாம் பளிச்சென்று வந்தது. திராட்சைப் பந்தலுக்குள் எடுத்தது மட்டும் உருப்படவில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே இலை அடர்ந்து நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை அந்த அரை இருட்டில்தான் பெண்கள் கத்தரிக்கோலால் கொத்துக் கொத்தாக வெட்டுகிறார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். செல்போன் படத்தில் அவர் கை எப்போதும் புகை மாதிரி கலைந்திருக்கும், முகம் மெழுகு பூசியது போல் வழுவழுவென்று இருக்கும்.

பணத்தோடு தேனிக்கு பஸ் ஏறும் முன், கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தூரத்துச் சொந்தக்கார மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனாள். பிலிம் காலத்திலிருந்து கல்யாண ஆல்பம் போடுகிறவர். பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் விலையைக் கேட்கவில்லை.

"என்னத்தப் பாப்பா எடுக்கப்போற?"

"எல்லாமே, மாமா."

"எல்லாத்துக்கும்னா செல்போனே போதும். கேமரா வேணும்னா ஒண்ணச் சொல்லு."

அவள் யோசித்து, பந்தல் என்றாள். மாமா தன் பழைய கேமராவையும் இரண்டு லென்ஸையும் ஒரு காலை நேரத்துக்குக் கொடுத்தனுப்பினார். ஒன்று, புதுக் கேமராவோடு வருகிற வழக்கமான 18–55. இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற 50 எம்.எம்., எஃப்/1.8. பிளாஸ்டிக் உடம்பு, ஜூம் கிடையாது. பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பந்தலுக்குள் 18–55-ஐ மாட்டினாள். 50-க்கு இழுத்தால் அந்த லென்ஸ் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 1600 வைத்தும் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கியது. அம்மாவின் கை மறுபடி புகையானது. லென்ஸை மாற்றினாள். எஃப்/1.8 திறப்பு 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே இருட்டில் ஷட்டர் 1/125-ஐத் தாண்டியது. கத்தரிக்கோல் நின்றது, விரல் நகத்தில் இருந்த கறை தெரிந்தது.

சிக்கலும் இருந்தது. இந்த மாதிரிக் கேமராக்களின் சென்சார் சிறியது. அதனால் 50 எம்.எம். லென்ஸ், பழைய பிலிம் கேமராவில் 80 எம்.எம். காட்டுகிற அளவுக்கு நெருக்கிக் காட்டும். முழு ஆளையும் அடக்க அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கல்தூணில் முதுகை இடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அம்மாவின் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.

ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், தினமும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள். எத்தனை நாளாக அந்தக் குச்சி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டாள். மருந்தடிப்புச் செலவுக்கு மாசியிலேயே தோடு அடகுக்குப் போய்விட்டது, வட்டியோடு இப்போது 18,400 ஆகிறது என்றார். "சீட்டு எடுத்ததும் திருப்பிரலாம்னு இருந்தோம்த்தா. நீ கேமராங்கவும், அம்மா வேணாம்னுருச்சு."

அடுத்த ஒரு வாரம் கேமராவே வேண்டாம் என்றுதான் இருந்தாள். அந்த வாரத்தில்தான் மதுரை புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமாரைப் பற்றிப் படித்தாள். அம்மா மதுரையில் மீன் விற்றவர். 2013-ல் பழனிகுமார் தன் முதல் கேமராவை வாங்கியதற்குப் பின்னால் கடனும் அந்த மீன் வியாபாரமும் இருந்தன. அவர் எடுத்தது அதே அம்மாவை, மீன்காரப் பெண்களை, துப்புரவுத் தொழிலாளர்களை. கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் 'பாரி' தளத்தில் அவர் படங்கள் தொடர்ந்து வருகின்றன. 2022-ல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதும் அவருக்குக் கிடைத்தது.

"அந்தத் தம்பி அவங்க அம்மாவையா படம் புடிச்சுச்சு?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். "அப்ப வாங்கு. ஆனா அம்புட்டுக் காசுக்கு வேணாம்."

அந்த 'அம்புட்டுக் காசுக்கு வேணாம்' வந்தபிறகுதான் உண்மையான தேர்வு ஆரம்பித்தது. தோடு போக மிஞ்சுவது 21,600. மாமா கணக்கைத் தலைகீழாகப் போடச் சொன்னார். முதலில் லென்ஸ், மிச்சத்துக்கு எது கிடைக்கிறதோ அது பாடி. பெட்டியில் வரும் இரண்டாவது லென்ஸ் தூரத்துப் பறவைக்கும் மேடைக்கும் ஆகும், பந்தலில் அதுவும் குருடுதான். பெரிய நிறுவனங்களின் புது மாடல்கள் இப்போது மிரர்லெஸ்ஸாகவே வருகின்றன. எடை குறைவு, கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியும் உண்டு. பணம் இருந்தால் அதுதான் நல்லது. ஆனால் ஊரெல்லாம் அந்தப் பக்கம் ஓடுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடக்கின்றன. அவள் பையில் இருக்கும் பணத்துக்கு அது நல்ல செய்தி.

மலிவில் குழிகளும் இருக்கும். முதலில் ஒரு நிகான் டி5600 வந்தது, கூடவே பழைய 50 எம்.எம். டி வகை லென்ஸ். விலை ஆசை காட்டியது. ஆனால் அந்த லென்ஸை இயக்கும் மோட்டார் டி5600 பாடிக்குள் கிடையாது. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டும். தேனியில் வேறொருவர் காட்டிய லென்ஸ் வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. மாமா சொல்லியிருந்தபடி செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தாள். உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளைக் கோடுகள். பூஞ்சை. குமுளி, மேகமலைப் பக்கம் பனியிலும் மழையிலும் சுற்றிய கேமராவை ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் வருவது. "அது ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றார் விற்றவர். அவள் வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கடைசியில் மதுரையில் ஒரு கேனான் 1300டி கிடைத்தது. 2016 மாடல், 18 மெகாபிக்சல், 18–55 லென்ஸோடு 13,500 ரூபாய். எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பதை இந்தக் கேமராவின் மெனுவில் பார்க்க முடியாது. கணினியில் இணைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: இருபதாயிரத்துச் சொச்சம். மாமாவிடம் போனில் கேட்டாள், லட்சம் வரை கவலையில்லாமல் ஓடும் என்றார். 50 எம்.எம். தனியாக 5,500. இது 1987-ல் கேனான் கொண்டுவந்த இ.எஃப். பொருத்து வகை. நாளைக்கு அவள் கேனானின் மிரர்லெஸ் வாங்கினாலும் ஓர் அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டிக்கொள்ளலாம். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எல்லாம் சேர்த்து 1,600. ஆயிரம் ரூபாய் மிச்சம்.

தோடு அதற்கு முந்தைய நாளே வீட்டுக்கு வந்துவிட்டது.

முதல் நாள் பந்தலுக்குப் போனபோது அம்மாவின் காதில் மறுபடி வேப்பங்குச்சிதான் இருந்தது. கொடியில் மாட்டிக் காது பிய்ந்துவிடும், வேலைக்குத் தோடு எதற்கு என்றார். மகள் எதுவும் சொல்லாமல் தூணில் சாய்ந்து நின்று எடுத்தாள். அன்று 212 படங்கள். உருப்படியானவை ஆறேழு தேறும்.

கேமரா டப்பா இப்போது அடுப்படி அலமாரியில், அப்பள டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் ஈரம் ஏறாது என்று அம்மா கண்டுபிடித்திருக்கிறார். ஒரு நாள் டப்பாவைத் துடைத்து வைத்தபடியே கேட்டார்.

"ஏத்தா, அவசரம்னா இதையும் அடகு வைக்கலாமா?"

"லென்ஸ வைக்கலாம்மா. பாடிய எவனும் வாங்க மாட்டான்."