இரண்டு பெரிய பள்ளிகள்

வெளியூர்த் திருமணத்திற்குச் செல்வோர் பலரும் பட்டுப்புடவையை மறப்பதில்லை, அன்பளிப்பை மறப்பதில்லை, அழைப்பிதழை மட்டும் வீட்டு மேசையின் மீது வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வாறு போனவர்களில் நானும் ஒருவன். சென்னையில் நடைபெற்ற என் தம்பி மகளின் நிக்காஹுக்குச் சென்ற கதையை இங்கே எழுதுகிறேன். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ தலைநகருக்குப் புறப்பட இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இது உதவக்கூடும்.

நான் சாதாரண விருந்தாளியாகச் செல்லவில்லை. தம்பி 2016ஆம் ஆண்டில் வஃபாத்தாகிவிட்டான். அவனுக்கு ஆண் மக்கள் இல்லை. எங்கள் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஷாஃபிஈ மத்ஹபின் வரிசைப்படி அந்தப் பெண்ணுக்கு வலீயாக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு என் மீது வந்திருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்குள் மனத்தாங்கல் உண்டு. தம்பியின் ஜனாஸாவிற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ஆகவே, ‘பெரியவாப்பா வருவாரா?’ என்ற ஐயம் அங்கே அனைவர் மனத்திலும் இருந்திருக்கிறது.

காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்குச் செல்ல எங்களுக்கு வாய்த்த வண்டி செந்தூர் எக்ஸ்பிரஸ். திருச்செந்தூரில் மாலைப்பொழுது கழிந்ததும் புறப்பட்டு, நெல்லை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டு மறுநாள் முற்பகலில் எழும்பூரை அடைகிறது. முன்பதிவு முன்னர் 120 நாட்களுக்கு முன்பே தொடங்கியது. 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. திருமணத் தேதி முடிவானவுடன் நாட்காட்டியில் அறுபதாம் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலைகள் நடப்பதால், உங்கள் வண்டி எந்த நிலையத்தோடு நிற்கிறது என்பதையும் புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நலம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் திருமணம் என்றால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். எழும்பூர் வரை போய்த் திரும்புவது வீண்.

பேருந்தில் வருவோருக்கும் ஒரு சொல். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டுக்குள் வருவதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மண்ணடிக்கோ திருவல்லிக்கேணிக்கோ செல்வது இன்னொரு சிறு பயணம். ‘சென்னை வந்துவிட்டோம்’ என்று அங்கிருந்து செய்தி சொல்லிவிட்டுச் சம்பந்தி வீட்டாரைக் காக்க வைக்காதீர்கள்.

திருமணத்திற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள் என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2023 டிசம்பர் 17ஆம் நாள் இரவு, தாமிரபரணிக் கரையை வெள்ளம் சூழ்ந்தபோது, இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணை நீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு இரவுகள் பலர் வண்டியிலேயே கழித்தனர். பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்து அவர்களின் பசியாற்றினார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! இவ்வளவும் தெரிந்திருந்தும், தம்பி வீட்டில் இரண்டு இரவு தங்க மனம் கூசியதால், நிக்காஹ் நாளன்று காலையில் இறங்குமாறு சீட்டெடுத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு நிக்காஹ். வண்டி முக்கால் மணி நேரம் தாமதம்.

எழும்பூரில் இறங்கியபோது பதினொன்றைத் தாண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டில் நான் முதன்முதலாகச் சென்னைக்கு வந்து இறங்கியதும் இதே நிலையந்தான். அப்போது இங்கு வந்தவை மீட்டர் கேஜ் வண்டிகள். மண்ணடியில் ஒரு கடையில் வேலை பார்த்துக் கொண்டிருந்த தம்பி, நடைமேடைக்கே வந்து என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். “காக்கா, என் முதுகையே பார்த்துட்டு வாங்க, வேறெங்கும் பார்க்காதீங்க” என்றான். அந்த முதுகு இல்லாத எழும்பூரை அன்றுதான் பார்த்தேன்.

அழைப்பிதழ் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “பெரிய பள்ளிக்கு வந்துடுங்க மச்சான், எல்லாரும் இங்கேதான் இருக்கோம்” என்றார். சென்னையில் பெரிய பள்ளி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் “திருவல்லிக்கேணி பெரிய பள்ளி” என்றேன்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள வாலாஜா பள்ளி, ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795இல் கருங்கல்லால் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் பரந்த வெளி, பெரிய ஹவுழு, இருபுறமும் உயர்ந்த மினாராக்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அங்கேயே அமர்ந்திருப்பேன். அன்று அந்தப் பரப்பில் நாலைந்து முதியவர்களும் புறாக்களுமே இருந்தனர். மாப்பிள்ளையும் இல்லை, மாலையும் இல்லை. மீண்டும் தொலைபேசி. “பெரிய பள்ளியிலேதான் நிக்கிறேன்” என்றேன் நான். “நாங்களும் பெரிய பள்ளியிலேதானே இருக்கோம், வாசலுக்கு வாங்க” என்றார் அவர். இருவரும் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் தேடினோம்!

ஒளூச் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர்தான் முடிச்சை அவிழ்த்தார். “பெரியமேட்டுப் பள்ளியைச் சொல்லியிருப்பாங்க பாய். அதுவும் பெரிய பள்ளிதான்” என்றார். பெரியமேடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழும்பூர் நிலையத்தின் பின்வாசலில் வெளியேறி, ஈ.வெ.ரா. பெரியார் நெடுஞ்சாலையைக் கடந்தால் பெரியமேடு. தோல் வணிகர்கள் நிறைந்த அந்தப் பகுதியின் ஓரமாகத்தான் நாங்கள் சற்று முன்பு இறங்கியிருந்தோம்.

மணி பதினொன்று ஐம்பது. அண்ணா சாலையில் வாகனங்கள் நகரவில்லை. பெரியவர் தம் பேரனை அழைத்து, “இவங்களை வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வா” என்றார். மனைவியையும் தம்மடை டப்பாக்களையும் ஆட்டோவில் பின்னால் வரச் சொல்லிவிட்டு, அறுபத்தெட்டு வயதில் நான் அந்தப் பையனின் பின்னால் ஏறி அமர்ந்தேன்.

பெரியமேட்டில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். பன்னிரண்டேகால் ஆனதும், ‘வலீ வேண்டுமென்றே வராமல் இருக்கிறார், காஜியைக் கொண்டு முடித்துவிடலாமே’ என்று சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். மேலே பெண்கள் பகுதியில் மணப்பெண் மட்டும், “பெரியவாப்பா வந்துட்டிருக்காங்க, லுஹர் வரைக்கும் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஏழெட்டு ஆண்டுகளாக நான் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை அவள்.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வியர்வையோடு ஹஜ்ரத் அவர்களின் அருகில் அமர்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பற்றி, மஹரைக் கூறி, ஈஜாபைச் சொன்னபோது என் குரல் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. அவர் கபூல் சொன்னார். ஜமாஅத்துக்குப் பாங்கு சொல்வதற்குள் துஆ முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகு இரண்டு நாட்கள் தம்பி வீட்டிலேயே தங்கினோம். தங்க இடமில்லாதோர், மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் முஸ்லிம் பயணிகளுக்கென்று சென்ட்ரல் நிலையத்தின் அருகே எழுப்பிய சித்தீக் சராயில் இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். தொழுகை விஷயத்தில் ஒரு சலுகையையும் பலர் பயன்படுத்துவதில்லை. வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்குவோர், ஷாஃபிஈ மத்ஹபின்படி நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். கல்யாண மண்டபங்களில் பெண்கள் தொழ இடம் கிடைக்காமல் தவிப்பதை இன்னும் காண்கிறோம். இந்தச் சலுகை அவர்களுக்கே மிகவும் பயன்படும்.

மறுநாள் வலீமா ஆலந்தூர்ப் பக்கம். மண்ணடியிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். அங்கே ஏறினால் வண்டி மாறாமல் ஆலந்தூரில் இறங்கலாம். உயர் நீதிமன்றம், சென்ட்ரல், ஆயிரம் விளக்கு, சைதாப்பேட்டை என்று நிலையங்கள் கடந்துகொண்டே இருந்தன. மகளிருக்கென ஒரு பெட்டி இருந்ததால் நகையணிந்த பெண்கள் நிம்மதியாக வந்தார்கள். என் மனைவிக்கு நகர்படியில் கால் வைக்கத்தான் அச்சம். மின்தூக்கி இருக்கிறது, அதைக் கேட்டுப் போங்கள். இரவு பதினொரு மணியோடு வண்டிகள் நின்றுவிடும். பிரியாணிக்குப் பின் பேச்சு நீண்டால் ஆட்டோதான்.

ஊர் திரும்பும் நாளில் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் வழியனுப்ப வந்தார்கள். வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. “பெரியமேட்டிலிருந்து நடந்தே போவோம்” என்றேன். பள்ளி வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டோம். மாப்பிள்ளை என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மகள் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கச் செய்தாள். எழும்பூரின் பின்வாசலை அடைந்தபோது பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.