திருக்கடையூர் ஸ்டேஷனைப் பிரிக்கிறோம்



மாடி அறையில் இருக்கும் ரயிலைப் பிரிக்கப்போகிறோம். வீட்டை விலை பேசி முடித்தாயிற்று. சித்திரை பிறந்தால் நானும் வீட்டம்மாவும் பெங்களூரில் மகனோடு. அவன் ஃபிளாட்டில் எட்டுக்கு நாலு அடிப் பலகை போட இடம் கிடையாது. அந்தப் பலகையில் உங்களில் பலருடைய கைவேலை இருப்பதால் சொல்லாமல் பிரிக்க மனசு வரவில்லை.

பிந்தைய வருஷத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1981-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மாமா ஒரு ஹார்ன்பி ரயில் பெட்டி கொண்டுவந்தார். ஒரு இன்ஜின், இரண்டு பெட்டி, ஒரு வட்டத் தண்டவாளம். 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடும். ஒரு வாரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அலுத்துவிட்டது. அது இங்கிலாந்து ரயில். எனக்கு வேண்டியிருந்தது மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போகும் நம்ம மீட்டர் கேஜ் ரயில். அதைக் கடையில் விற்பார் யார்?

வழி காட்டியது ஒரு வகுத்தல் கணக்குதான். பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். வகுத்தால் அறுபது சொச்சம். ஆக, எல்லாவற்றையும் அறுபதில் ஒரு பங்காகச் செய்தால் அதே தண்டவாளம் நம் லைன் ஆகிவிடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அன்று பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் எழுந்து வந்துவிட்டார். (இதில் இங்கிலாந்துக்காரர்கள் கணக்கே உதைக்கும். அந்தக் காலத்து மோட்டார் சின்ன உடலுக்குள் அடங்கவில்லை என்று இன்ஜினை 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. நமக்குக் குறை அரை மில்லிமீட்டர்கூட வராது!)

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள் எல்லாம் உங்களுடையவை. அளவு நாடா எடுத்துக்கொண்டு திருக்கடையூர் ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடை, ஓட்டுக்கூரை, பெயர்ப்பலகை, வேலி எல்லாம் அளந்து நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தீர்கள். வேப்பமரத்தைக்கூட ஒருத்தன் விடவில்லை. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. 1986-ல் அந்த லைனையே மூடிவிட்டார்கள். நீங்கள் அளந்தபோது யாருக்குத் தெரியும்?

கடைச் சரக்கு என்று எதுவும் கிடையாது அப்போது. ஐஸ் குச்சியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஸ்லீப்பர் கட்டை. இரண்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைக் குண்டூசியில் பற்றவைத்தால் தண்டவாளம். சலித்த காவிரி மணல்தான் ஜல்லி. முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் இன்ஜினின் கொதிகலன், பால் பவுடர் டப்பாத் தகரம் அதன் கூண்டு. ரேடியோ கடை டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, வேகத்தைக் கூட்டக் குறைக்கப் பள்ளி ஆய்வகத்து ரியோஸ்டாட். சென்னைக்குப் போனால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் 'ரயில்வே மாடலர்' இதழ் தேடுவேன். 85-ல் மார்க்கெட் எரிந்தது, அந்த வழியும் அடைந்தது.

நிஜ லைன் தரங்கம்பாடியில் கடலோரம் முடிந்துவிடும். நம்முடையது பொறையாறு தாண்டினால் மறுபடி மன்னம்பந்தல்.

இப்போது பேரன் வைத்திருக்கும் செட்டில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜினைத் தனித்தனியே ஓட்டுகிறான், ஃபோனிலிருந்து. விசில், புகை எல்லாம் உண்டு. அருமையாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். நாம் அதே காரியத்துக்குத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்தோம். ஓட்டுவதற்கு முன் அரை மணி நேரம் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நகராது. அதற்குள் கரண்ட் போய்விடும். ஆனால் மின்முனையை மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றும் என்பதைப் பரீட்சையில் உங்களில் ஒருவர்கூடத் தப்பாக எழுதியதில்லை.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத ஒன்றும் இருக்கிறது.

உங்கள் எல்லோரையும் தொடவிட்டேன். என் மகனை விடவில்லை. ஏழு வயசுப் பையன், கெடுத்துவிடுவான் என்று பயம். சனிக்கிழமை நீங்கள் பலகையைச் சுற்றி நிற்க, அவன் அடியில் படுத்துக்கொண்டு வயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் நான் இல்லாதபோது இன்ஜினைக் கையில் எடுத்திருக்கிறான். கீழே விழுந்து முன்பக்கத் தகரம் மடங்கிப்போயிற்று. அடித்துவிட்டேன். பள்ளியில் அப்படி யாரையும் நான் அடித்ததில்லை, நீங்களே சாட்சி. அதற்குப் பிறகு அவன் மாடிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். 'பிள்ளைங்க வந்தா உங்களுக்கு நம்ம புள்ள கண்ணுக்குத் தெரியலை' என்று அவன் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். மடங்கிய தகரத்தை நான் நிமிர்த்தவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

சாமான் கட்ட அவன் போன வாரம் வந்தான். ஒவ்வொரு வயரிலும் காகிதம் ஒட்டி, எண் போட்டு, எது எங்கே போகிறது என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அடியில் படுத்துப் பார்த்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது போல.

"இதுல உனக்கு எது வேணும்ப்பா?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்."

நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ரப்பர் போட்டுத் தேய்த்தோம், இரண்டு பேருமாக. ரியோஸ்டாட்டை அவன் நகர்த்தினான். ஆக்கூர் வளைவில் வேகம் எடுத்தான். மெதுவா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வழக்கம்போல அங்கே தடம் புரண்டது. எடுத்து வைத்து மறுபடி ஓட்டினான். பதினோரு மணி வரை ஓடிற்று.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஞாயிறு வரை அறையைத் திறந்து வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் கட்டடத்தைச் செய்த மூன்று பேரும் உங்களுக்குள் பேசி யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரம் செய்தவன் துபாயில் இருக்கிறான், தம்பியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அளவு நோட்டை யாருக்கும் தருவதாக இல்லை, வேண்டுமானால் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரியோஸ்டாட் பள்ளிச் சொத்து. நாற்பது வருஷம் ஆகிவிட்டது, திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்ஜின் மட்டும் யாருக்கும் இல்லை. நேற்று ராத்திரியே அதைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டுவிட்டான்.