செல்லும் செலவும் சத்தமில்லாத வண்டியும்



ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை வாசலில் நிற்கும் வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பச்சை நிற எண்பலகை தாங்கிய மின்சார ஸ்கூட்டர்கள் அந்த வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. அதோடு ஒரு கேள்வியும் கூடி வருகிறது. “நாமும் ஒரு பேட்டரி வண்டி வாங்கலாமா?” என்பதே அது. ஜெபக் கூட்டத்துக்குப் போகிற வீடுகளிலெல்லாம் இதைக் கேட்கிறார்கள். இது உலகக் காரியம்தானே, மாத இதழில் எழுத வேண்டுமா என்று எண்ணாதீர்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களில் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், தசமபாகம் இவற்றோடு வரிசையில் நிற்கிற செலவு பெட்ரோல். கர்த்தர் கையில் தந்த பணத்துக்கு நாம் உக்கிராணக்காரர் என்றால், இந்தச் செலவும் அந்தக் கணக்கில் அடங்கியதே.

பெங்களூருவில் நம்மவர் குடியிருப்பது அல்சூர், லிங்கராஜபுரம், ராமமூர்த்தி நகர் போன்ற இடங்களில். வேலையோ ஒயிட்ஃபீல்டிலும் பீன்யாவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும். பஸ்ஸும் மெட்ரோவும் இருந்தாலும், வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து வேலையிடத்துக்கும் வழி மிஞ்சுகிறது. ஆகவே இரண்டு சக்கர வண்டி நமக்கு ஆடம்பரமல்ல, அன்றாட உழைப்பின் கருவி.

மின்சாரத்தோடு நம்மவருக்குள்ள உறவும் புதிதல்ல. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உண்டான மின்சாரம் முதலில் சென்றது, தமிழர் திரளாகப் பாடுபட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கே. பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதன் பின்பு, 1905-ல்தான். சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டபின் அந்தக் குடும்பங்களிலிருந்து பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். இன்றோ மின்சார ஸ்கூட்டர்களைச் செய்யும் பெரிய ஆலைகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேறு பகுதிகளிலும் இருக்கின்றன. நாம் வாங்கலாமா என்று யோசிக்கிற வண்டி, நம் உறவினர் பிள்ளையின் கை பட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

அந்த வண்டியின் இருதயம் லித்தியம் அயனி மின்கலம். அதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் ஒரு விசுவாசி. சிறு வயதில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளை அவர். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் தம் குழுவினரோடு கண்டறிந்த கோபால்ட் ஆக்சைடு மின்முனையே இந்த மின்கலத்தை நடைமுறைக்குக் கொண்டுவர உதவியது. 2019-ல், தமது 97-ஆம் வயதில், வேறு இருவரோடு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கிருபையைக் குறித்த சாட்சியாகத் தம் வாழ்க்கையை ஒரு புத்தகமாகவும் எழுதி 2008-ல் வெளியிட்டார். 2023-ல், நூறு வயது கடந்த நிலையில் மறைந்தார்.

இனி வண்டியின் குணத்தைப் பார்ப்போம். நெரிசலில் நிற்கும் பெட்ரோல் வண்டி நின்ற இடத்திலேயே எரிபொருளைக் குடிக்கிறது. மின்சார மோட்டாரோ சக்கரம் சுழலாதபோது ஏறக்குறைய ஒன்றும் செலவழிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது ஓட்டத்தின் ஒரு பங்கு மீண்டும் மின்கலத்துக்குத் திரும்பும் அமைப்பும் பல வண்டிகளில் உண்டு. ஆகவே நின்று நின்று நகரும் நகரச் சாலைதான் இதற்கு ஏற்ற களம். எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. டயரும் பிரேக்கும் மட்டும் எல்லா வண்டிகளையும் போலவே தேயும்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் சொன்னதை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமும் ஒரு தாளும் பேனாவும் எடுப்போம். நாளொன்றுக்குப் போகவர 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், ஏறக்குறைய 1,670 ரூபாய் ஆகும். மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், 26 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 210 ரூபாய்தான். மாதம் 1,450 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு 17,000 ரூபாயைத் தாண்டும்.

ஆனால் தாளின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும் அல்லவா? பேட்டரி வண்டியின் ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. மத்திய அரசின் மானியமோ 2023 ஜூனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகி, அதன் பின்பும் குறைந்தது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கியவரின் கணக்கை நம் கணக்காக எடுத்துக்கொள்ளலாகாது. இரண்டு வண்டிகளின் அன்றைய சாலை விலையையும் கேட்டு, வித்தியாசத்தை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் எத்தனை மாதத்தில் ஈடாகும் என்பது தெரிந்துவிடும். மின்கலத்தின் உத்தரவாதம் அதைவிட நீண்டதா என்பதையும் பாருங்கள். மின்கலமே வண்டி விலையில் பெரும்பங்கு.

கர்நாடகத்தில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்று. 2023-ல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் பல வீடுகளுக்கு மின்கட்டணமே இல்லை. ஆனால் வீட்டுக்கென்று குறித்த அளவைத் தாண்டினால் தாண்டியதற்கும், 200 யூனிட்டைத் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும். ஓரத்தில் நிற்கும் வீட்டை மாதம் 26 யூனிட் அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனைக் களத்தின் தூரம். இருவர் ஏறி, மேடும் பள்ளமுமான சாலையில் போனால் அது குறையும். இவ்விடத்தில் மத்தேயு 25-ல் வரும் பத்துக் கன்னிகைகள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். பெட்ரோல் தீர்ந்தால் வழியில் போகிறவர் ஒரு பாட்டிலில் கொஞ்சம் தந்து உதவலாம். சார்ஜ் தீர்ந்தால் யார் கொடுப்பது? முழு இரவு ஜெபம் முடிந்து அதிகாலையில் வீடு திரும்பவும் இருப்பு உண்டா என்று மாலையிலேயே பார்ப்பவர்தான் புத்தியுள்ளவர்.

இருப்பைப் பற்றிப் பேசினால், அதை எங்கே நிரப்புவது என்பதே அடுத்த கேள்வி. என் அனுபவத்தில் விலையையும் வேகத்தையும்விடப் பெரிய கேள்வி இதுவே. நாங்கள் 2023-ல் வண்டி வாங்குமுன் வீட்டு உரிமையாளரைப் போய்ப் பார்த்தோம். வயதான கன்னடப் பெரியவர். முதலில் தயங்கினார். வீட்டிலுள்ள இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிமுறை 2022 ஜனவரியிலேயே கூறியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அதைவிட அவர் மனதை இளக்கியது வேறொன்று. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எங்கள் செலவிலேயே 16 ஆம்பியர் பாயிண்டும் எர்த்தும் துணை மீட்டரும் வைத்தோம். மாத முதல் தேதியில் அவர் கேட்கும் முன்பே யூனிட் எண்ணிக்கையையும் பணத்தையும் கொடுத்துவிடுகிறோம். “உங்கள் சபைக்காரர் எல்லாரும் இப்படித்தானா?” என்று ஒரு நாள் கேட்டார். பிரசங்கம் செய்யாமலே கிடைத்த சாட்சி அது.

ஆகவே பிரியமானவர்களே, மாடிப்படி விளக்குக்கான பொது மீட்டரிலிருந்தும் அலுவலகத்தின் சுவரிலிருந்தும் கேளாமல் சார்ஜ் எடுக்காதீர்கள். இரண்டு ரூபாய் மின்சாரம்தானே என்று சொல்லத் தோன்றும். அது பிறனுடையது என்பதே நமக்குப் போதும்.

எங்கள் சபையில் உணவு விநியோகம் செய்யும் ஒரு வாலிபத் தம்பி உண்டு. தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவன். “அண்ணா, தவணையில் ஒரு பேட்டரி வண்டி எடுக்கலாமா?” என்று கேட்டான். அவன் ஓடும் தூரத்துக்கு மிச்சம் என்னுடையதைவிட மூன்று மடங்கு. ஆனால் அவன் குடியிருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கீழே பாயிண்ட் இல்லை. வண்டியால் அதிக லாபம் அடையக்கூடியவனுக்கே அதை நிறுத்தி நிரப்ப இடமில்லை. “சார்ஜ் செய்ய இடம் கிடைக்கும்வரை கடன் வாங்காதே, தம்பி” என்றேன். அவன் முகம் வாடியது. வேலைக்குப் போக முடியாத நாளிலும் தவணை வந்து நிற்கும் என்பதை அவன் அறிவான். சில மாதங்கள், மின்கலத்தை மாற்றித் தரும் நிறுவனத்திலிருந்து மெதுவாக ஓடும் வண்டியை வார வாடகைக்கு எடுத்து ஓட்டினான். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட அவ்வகை வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால் அந்த வேகத்தில் அவனால் அதிக ஆர்டர்களை எடுக்க முடியவில்லை.

மின்கலத்தை அறைக்குள் தூக்கிச் சென்று சார்ஜ் செய்யலாமே என்றும் அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வண்டி தீப்பற்றி, புகையில் மூச்சடைத்து ஒரு தகப்பனும் மகளும் இறந்ததை நாம் மறக்கலாகாது. அவ்வாண்டின் விபத்துகளுக்குப் பின் மின்கலத்துக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. புதிய வண்டிக்கு அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள். அதற்கு முந்திய பழைய வண்டியை மலிவு என்று வாங்குவதில் ஆபத்து உண்டு. சான்று இருந்தாலும், வீட்டுக்கு ஒரே வழியாக இருக்கும் வாசலிலும் படிக்கட்டின் அடியிலும் சார்ஜ் போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். வெயிலில் ஓடிவந்த வண்டி ஆறட்டும். மழையில் நனைந்த இணைப்பு உலரட்டும். எல்லாரும் உறங்கும் வேளையைவிட விழித்திருக்கும் வேளையே நல்லது.

அயலானை நேசிக்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இவ்வண்டியின் அமைதி ஓட்டுகிறவருக்கு இன்பம். ஆனால் நம் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளுக்கும் காது மந்தமான முதியோருக்கும் அது வருவது தெரியாது. சந்துக்குள் திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள். ஓட்டிக்கொண்டே ஜெபிக்கும் வழக்கமுள்ளவர்கள் கண்களைத் திறந்தே ஜெபியுங்கள்.

அந்தத் தம்பியின் காரியம் எப்படி முடிந்தது தெரியுமா? எங்கள் பாஸ்டர் சபை மூப்பர்களைக் கூட்டிப் பேசினார். சபைக் கட்டடம் வாடகைக் கட்டடம் என்பதால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, மதிலோரம் திறந்த வெளியில் கூரை வேய்ந்து, துணை மீட்டரோடு இரண்டு பாயிண்டுகள் வைத்தார்கள். பயன்படுத்துகிறவர் யூனிட்டை நோட்டில் எழுதிப் பணத்தைச் செலுத்திவிட வேண்டும். மதிய ஓய்வு வேளையில் அவன் அங்கே சார்ஜ் போட்டுவிட்டு, சபைக்குள் உட்கார்ந்து உணவருந்துகிறான். தன் சேமிப்பிலிருந்து பாதி விலையைச் செலுத்தி, மீதிக்கு மட்டும் சிறு தவணை வைத்து, இப்போது சொந்த வண்டி ஓட்டுகிறான். ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்பும் தொகை மாதம் இரண்டாயிரம் கூடியிருக்கிறது.

கன்னிகைகளின் எண்ணெய் பகிர்ந்துகொள்ள முடியாதது. நம் வாசலிலுள்ள மின்சாரப் பாயிண்டோ பகிர்ந்துகொள்ளக் கூடியது. இந்த நகரத்தில் கீழ்த்தளமும் வண்டி நிறுத்த இடமும் உள்ளவர்கள் நம்மில் சிலர்தாம். மாடி அறைகளில் இருக்கிறவர்களே அநேகர். நீங்கள் வண்டி வாங்குகிறவரானால் முதலில் தூரத்தையும் இடத்தையும் தவணையையும் கணக்கிடுங்கள். இடமுள்ளவரானால் உங்கள் சபையில் இடமில்லாத உழைப்பாளி யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிரயாணங்களை வாய்க்கப்பண்ணி, மிச்சமாவதை நன்மைக்கென்று செலவிடும் கிருபையையும் தருவாராக. ஆமென்.